அமுக்கு… புடி… உடு

— அமுக்கு… அமுக்கு… அமுக்கு… புடி. புடிச்சுக்கோ குல்ஷன், கால எடுத்துடாத.

— புடிச்சுகினுதான் கீறேன்.

— காத்து நிப்பிள தொறக்குறேன்… ம். மூடிட்டேன். உடு. இப்ப எப்படி கீது?

— தொபுக்குன்னு தரையில போயி உக்காந்துகிச்சு. மேல வர மாட்டேங்குது அண்ணே.

— காலால கொக்கி போட்டு பெடலத் தூக்கு. திரும்ப அமுக்கு. நிதானம், நிதானம்.

— இருபது நிமிஷமா இதையேதான் சொல்லிகினு கீற. முட்டி கழண்டு கையோட வந்துடும் போல. மணி மூணேகாலு. நாலு மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து நிப்பாரு.

— வரட்டும். அவரு வந்து சாவியப் போட்டா வண்டி கிளம்பணும், கியர் உழணும். அதுக்குத்தான் உன் அண்ணன் ஹாஜா மொய்தீன் ஸ்டேஷன் பின்னாடி இந்தக் குப்பையில மல்லாந்து கெடக்குறேன். எறும்பு வேற புடுங்குது.

— இங்க எறும்பாவது உசுரோட கீதே. சுத்திப் பாரு. சப்பையான ஆட்டோ, நசுங்கின பைக்கு, எல்லாம் கேஸு வண்டி. நம்ம வேனும் இதுங்களோட வரிசையில நிக்குது. பின்னாடி கண்ணாடியில மர்வா ஒட்டுன பட்டாம்பூச்சி ஸ்டிக்கரு அப்படியே கீது.

— அங்க பாக்காத. கால் பெடல்ல இருக்கட்டும்.

— கேக்குறேன்ல, கிளட்சுக்கு இன்னாதான் வந்துச்சு? போன புதன்கிழமை காலையில நல்லாத்தானே ஊட்லேர்ந்து எடுத்துகினு போனாரு?

— இந்த வேன்ல கிளட்சுக்கு கேபிள் கிடையாதும்மா. எல்லாம் ஆயில் வேல. நீ அமுக்குனா மேல ஒரு சிலிண்டர் ஆயிலத் தள்ளும். அது குழாய்ல எறங்கி வந்து, கியர் பொட்டியாண்ட கீற சின்ன சிலிண்டரத் தள்ளும். நடுவுல காத்து பூந்துட்டா, நீ எவ்ளோ மிதிச்சாலும் காத்துதான் நசுங்கும். கிளட்ச் நகராது. அதான் பிரஷர் ஏறல.

— மெக்கானிக் பொண்ணுக்கு கிளட்ச் பாடம் எடுக்காத. பன்னெண்டு வயசுல வாப்பா ஷெட்ல உனக்கு பெடல் அமுக்க ஆரம்பிச்சவ நான். காத்து எப்படி பூந்துச்சுன்னு கேக்குறேன்.

— மேல் சிலிண்டர்ல ரப்பர் கப்பு போயிருந்துச்சு. நீ வரதுக்கு முன்னாடியே கழட்டிட்டு புதுசு போட்டுட்டேன். கழட்டுனா காத்து பூரத்தான் செய்யும்.

— ஒழுவுதா பாத்தியா?

— கீழ் சிலிண்டர் ரப்பர் உறைய வெலக்கிப் பாத்தேன். ஈரமே இல்ல. குழாயும் உப்பல. பெடல் கம்பியில ஆட்டமும் சரியாத்தான் கீது. வெறும் காத்துதான். அமுக்கு.

— அமுக்குனேன்.

— புடி. தொறக்குறேன்… நொர நொரயா வருது. நல்லது. உடு. பாட்டில் பாதிக்கு மேல ஆயிடுச்சு, இந்தா. அத மண்ணுல கொட்டிட்டு வேற காலி பாட்டில் ஒண்ணு குடு.

— இந்தா, இத வெச்சுக்கோ.

— டப்பாவுல ஆயில் கொறைஞ்சிருக்கும். புது பாட்டில் சீட்டு மேல கீது, கோடு வரைக்கும் ஊத்து. சிந்திடாத, பெயின்ட்ட தின்னுடும்.

— ஊத்திட்டேன். கை பூரா பிசுபிசுப்பு. துணி எதுனா குடேன்.

— டூல்ஸ் பொட்டியில செகப்புத் துணி கீது பாரு.

— இதுவா? ஐய, உன் ஷெட்டு துணி லட்சணம் எனக்குத் தெரியாதா? எங்க ஊட்லயும் ஒண்ணு என் கையில மாட்டுச்சு. அடுப்பு மேடையத் தொடச்சேன். ரெண்டு நாளைக்கு சோறு பூரா கிரீஸ் வாசன. ‘இன்னிக்கு மாமா ஷெட்டுலேர்ந்து சமைச்சு வந்துச்சாம்மா’ன்னு மர்வா கேக்குறா. இன்னா அண்ணே, அதுக்குக் கூட சிரிக்க மாட்டியா?

— சிரிக்கிற நேரமா இது? ஏறி உக்காரு. கால வை.

— இன்னாய்யா பாய், ஆச்சா?

— ஆய்கினே கீது ரைட்டர் ஐயா. பத்து நிமிஷம்.

— சுருக்க முடி. வண்டி ஓடலைன்னா பிரேக் இன்ஸ்பெக்டர் ‘அடுத்த வாரம் பாத்துக்கலாம் பரந்தாமன்’னு ஜீப்ப திருப்பிகினு பூடுவாரு. அதுக்காவத்தான் உன்ன உள்ள உட்டேன். கிளட்ச்ச மட்டும் பாரு. வேற எதுலயாவது கை வெச்சே, உன்னையும் சேத்து உள்ள உக்கார வெச்சுடுவேன். எனக்கு எதுக்குப்பா வம்பு.

— கிளட்ச் மட்டும்தாங்க.

— இந்தம்மா யாரு?

— என் தங்கச்சிங்க ஐயா. டிரைவர் முஸ்தகீம் சம்சாரம்.

— ஓ, நீதானா? இன்னாமா, உன் ஊட்டுக்காரரு போன் பேசிகினே போயி ஒரு பொம்பளய அடிச்சு சாவடிச்சுட்டாரு, நீ வந்து ஜாலியா டிரைவர் சீட்ல உக்காந்துகினு கீற.

— அவரு போன் பேசலீங்க ஐயா. பிரேக் புடிக்கலன்னு அன்னிக்கே சொன்னாரு.

— எல்லா டிரைவரும் சொல்ற பாட்டுதான். கிரேன்ல தூக்கியாந்த அன்னிக்கு நம்ம ஆளு ஏறி நாலு தடவ அமுக்கிப் பாத்தான். பிரேக் கல்லாட்டம் நின்னுச்சு. இன்னா, இல்லன்றியா?

— நாலு தடவ அமுக்குனா நிக்கும் ஐயா. ரோட்டுல ஒரு தடவதான் அமுக்க முடியும்.

— குல்ஷன், வாய மூடு. அவ கெடக்குறா, நீங்க போங்க ஐயா. நான் முடிச்சுட்டு கூப்புடுறேன்.

— நல்லா பேசுது உன் தங்கச்சி. இன்ஸ்பெக்டர் எழுதுறதுதாம்மா. பிரேக் நல்லா கீதுன்னா நல்லா கீது, இல்லைன்னா இல்ல. எனக்கு எதுக்குப்பா வம்பு. நான் டீ குடிச்சுட்டு வரேன்.

— போயிட்டாரா?

— போயிட்டாரு. பாத்தியா அண்ணே அவரு பேசுறத. வண்டிய கவனிக்கலன்னு எவனாவது சொல்ல முடியுமா? என் ஊட்டுக்காரரு அசால்ட்டா உட்டாலும் நான் உட மாட்டேன். வாரா வாரம் டயருக்கு காத்து, ரேடியேட்டருக்கு தண்ணி, ஆயில் அளவு, எல்லாம் நான்தானே பாக்குறேன்? இருபத்திரெண்டு புள்ளைங்க ஏறுற வண்டி.

— தெரியும்மா.

— அன்னிக்கு புள்ளைங்க ஏறுறதுக்கு முன்னாடி ஆச்சு. அது ஒண்ணு. இல்லைன்னா…

— அத நெனைக்காத. இப்ப வேற மாதிரி பண்ணலாம். பெடல உட்டுட்டு எறங்கி டப்பா மூடியத் தொற. கீழ் சிலிண்டர் கம்பிய நான் கையால உள்ள தள்ளுறேன். காத்து மேல ஏறிப் போவும். கொப்புளம் வருதா பாத்து சொல்லு.

— வருது. ஒண்ணு… ரெண்டு… மீனு மூச்சு உடுற மாதிரி வருது. அண்ணே, இது இன்னா டப்பாவுல ஆயில் ரெண்டு நெறமா கீது?

— பழசும் புதுசும் கலந்தா அப்படித்தான். கொப்புளத்தப் பாரு.

— இன்னும் வருது. வக்கீல் ரேகா மேடம் சொன்னது ஞாபகம் கீதுல்ல? எறந்த அம்மாவோட ஜனங்க ரோட்டு மறியல் பண்ணதுக்கப்புறம் செக்‌ஷன மாத்திட்டாங்க, ஜாமீன் கிடைக்காது. இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பாத்து பிரேக் பெயிலியர்னு எழுதுனா அவரு வெளிய வருவாரு. பிரேக் சரியா கீதுன்னு எழுதுனா பத்து வருஷம் வரைக்கும் போவுமாம். கிளட்ச்ச பாருங்க, பிரேக் பக்கமே போவாதீங்க, அது எப்படி கீதோ அப்படியே இருக்கட்டும்னாங்க.

— எத்தினி தடவ சொல்லுவ?

— பத்து வருஷம் அண்ணே. மர்வாவுக்கு இப்ப ஏழு.

— நின்னுடுச்சா கொப்புளம்?

— நின்னுடுச்சு.

— ஏறி உக்காந்து அமுக்கு. நிதானம்.

— அந்தம்மா ஊட்டுக்குப் போனேன்.

— எந்தம்மா?

— எந்தம்மாவா? கமலம். எறந்து போனாங்களே, அவங்க ஊடு.

— யாரு உன்னப் போச் சொன்னது? அடிச்சிருந்தாங்கன்னா?

— யாரும் அடிக்கல. மேனாம்பேடுதானே, நம்ம தெருவுலேர்ந்து நாலு தெரு. அயனம்பாக்கம் ஏரிக்கரை ரோட்ட விடிகாலையில பெருக்குற பொம்பள. தூக்கும்போது கூட தொடப்பத்த கையிலேர்ந்து எடுக்க முடியலயாம். பொண்ணு பேரு தீபிகா. காலேஜ் படிக்குது. என்னப் பாத்து கத்தல, ஏசல. உள்ள வாங்கக்கான்னு சொல்லி சேர் போட்டுச்சு. எனக்கு அதுதான் தாங்கல.

— இன்னா சொல்லிச்சு?

— நான்தான் பேசுனேன். பிரேக் புடிக்கலம்மா, அவரு மேல தப்பு இல்லம்மான்னு. கேட்டுகினே இருந்துச்சு. அப்புறம், ‘யாரு மேலயாவது தப்பு இருக்கணுமேக்கா. ஒருத்தருமே தப்பு பண்ணாம எங்கம்மா எப்படி செத்தாங்க’ன்னு கேட்டுச்சு. பிரேக்க எவன் கெடுத்தானோ, அவன் யாரா இருந்தாலும் சரி, கொண்டாந்து உன் முன்னாடி நிறுத்துறேன்னு சொல்லிட்டேன். என் புள்ள மேல ஆணைன்னு சொல்லிட்டேன்.

— அப்படியெல்லாம் சொல்லலாமா குல்ஷன்? அல்லா மேல பாரத்தப் போட்டுட்டு வர வேண்டியதுதானே?

— சொல்லிட்டேன். அமுக்கட்டா?

— அமுக்கு. புடி… தொறக்குறேன்… மூடிட்டேன். உடு. இன்னொரு தடவ.

— அண்ணே, கெட்டியாவுது. பாதியில நிக்குது. ஆமா, கால மேல தள்ளுது.

— கியர் போடு.

— உழுந்துச்சு. வெண்ணெயாட்டம் உழுந்துச்சு. அல்ஹம்துலில்லா. மணி மூணே முக்கா கூட ஆவல. எழுந்து வா அண்ணே, மூஞ்சி கழுவு.

— இரு. நடு பெடல அமுக்கு.

— எத?

— நடு பெடல்.

— அது பிரேக்கு.

— தெரியும். அமுக்குன்றேன்ல.

— எதுக்கு?

— கிளட்ச்சுல காத்து எடுத்தா பிரேக்குலயும் எடுக்கணும். ரெண்டுக்கும் ஆயில் டப்பா ஒண்ணுதான். மேல ஒரே டப்பா, கீழ ரெண்டு குழாய். அதான் முறை.

— அண்ணே, நீ எங்க கீற?

— வண்டிக்கு அடியிலதான்.

— இவ்ளோ நேரம் உன் செருப்பு கதவாண்ட தெரிஞ்சுது. இப்ப பின் சக்கரத்தாண்ட தெரியுது. பின் சக்கரத்துல கிளட்ச் கீதா? எனக்குத் தெரியாம எப்ப வந்து மாட்டுனாங்க?

— குல்ஷன், பேச நேரமில்ல. நாலு சக்கரத்துலயும் பழைய ஆயில் வெளிய வரணும், புது ஆயில் ஓடணும். முன்னாடி ரெண்டும் நீ வரதுக்கு முன்னாடியே கொஞ்சம் எறக்கிட்டேன். பின்னாடி ரெண்டுக்கு ஆளு வேணும். அமுக்கும்மா.

— பிரேக்க தொடக்கூடாதுன்னு வக்கீல் சொன்னாங்க. நீ கழுவி எடுத்துகினு கீற. புது ஆயில் ஓடுனா பிரேக் புடிக்கும். இன்ஸ்பெக்டர் மிதிச்சா நிக்கும். அவரு ‘பிரேக் நல்ல நிலையில் உள்ளது’ன்னு எழுதுவாரு. உனக்கு இன்னா பைத்தியமா?

— சொன்னா கேளு.

— நீ கேளு. மொத பாட்டில நான் கொட்டல.

— இன்னாது?

— கிளட்ச்சுலேர்ந்து எறக்கி குடுத்தியே, மண்ணுல கொட்டுன்னு. கொட்டல. சீட்டுக்கு அடியில வெச்சிருக்கேன். கையில பட்டப்பவே தெரிஞ்சுது, இது பிரேக் ஆயிலோட பிசுக்கு இல்லன்னு. வாப்பா இன்னா சொல்லிக் குடுத்தாரு? பிரேக் ஆயில்னா தண்ணியோட கலந்துடும், வேற ஆயில்னா மெதக்கும். என் குடிக்கிற தண்ணிய அதுல ஊத்துனேன். இதோ பாரு. கீழ தண்ணி, மேல ஆயில். நடுவுல கோடு போட்ட மாதிரி.

— குல்ஷன்…

— நீ கழட்டிப் போட்ட ரப்பர் கப்பையும் பாத்தேன். இட்லியாட்டம் உப்பி கீது. டப்பாவுல வேற ஆயில் போயிருக்கு. அதே டப்பா, அதே ஆயில். கிளட்ச் ரப்பர் உப்புனா பிரேக் ரப்பரும் உப்பும். அதான் மொத மிதியில பிரேக் தரைக்கு பூடுச்சு. உனக்கு இது இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா, முன்னாடியே தெரியுமா?

— முன்னாடியே தெரியும்.

— எப்படித் தெரியும்?

— நான்தான் ஊத்துனேன்.

— இன்னா சொன்ன?

— ஜாக்கி ஆயில். பாட்டில் மாறிப் போச்சு. பிரேக் ஆயில்னு நெனச்சு ஜாக்கி ஆயில ஊத்திட்டேன். ரெண்டு மூணு நாள்ல ரப்பர் ஊறி ஓரம் மடங்கிடும், பிரஷர் நிக்காது. போதுமா?

— நீயா?

— நான்தான்.

— ஆறு நாளா அவரு அங்க சோறு எறங்காம கெடக்குறாரு. நீ தெனமும் சாயங்காலம் எங்க ஊட்டுக்கு வந்து மர்வாவுக்கு பிஸ்கட் பாக்கெட் குடுத்துட்டு, தலையத் தடவிட்டுப் போற. இங்க வந்து உன் கறைய கழுவ என் காலயே மிதிக்க வெக்கிற. த்தூ. நீ எல்லாம் கூடப் பொறந்தவனா?

— ஏசு. நல்லா ஏசு. முடிஞ்சப்புறம் பெடல அமுக்கு.

— ரைட்டர் ஐயாவ கூப்புடுறேன்.

— கூப்புடு. இன்ஸ்பெக்டர் வந்தா அவரு முன்னாடியே நான் சொல்றேன். ஹாஜா மொய்தீன்தான் ஊத்துனான்னு எழுதிக்கட்டும். கையெழுத்து போட்டுத் தரேன்.

— இரு.

— இன்னா?

— இவ்ளோ சுளுவா ஒத்துக்குற ஆளா நீ? சின்னதுல ஒரு ஸ்பேனர் காணாம போனாக் கூட பக்கத்து ஊட்டு ஆடு தின்னுடுச்சுன்னு சாதிச்சவன். ஒத்துக்குறவன் எதுக்கு இவ்ளோ நேரம் கழுவுன? எப்ப ஊத்துன?

— ஞாயித்துக்கிழமை. மச்சான் வண்டிய ஷெட்டுக்கு எடுத்தாந்தாரு.

— ஞாயித்துக்கிழமை நீ அரக்கோணத்துல. சொந்தத்துல மஸூத் கல்யாணம். பிரியாணி தேக்சா பக்கத்துல நின்னு போட்டோ அனுப்புன. மர்வாவுக்கு காச்சல்னு நாங்க மட்டும்தான் வரல.

— திங்கக்கிழமையா இருக்கும்.

— திங்கக்கிழமை ராத்திரிதான் ஊரு திரும்புன. செவ்வாக்கிழமை முகப்பேர் ஸ்கூல்ல ஆண்டு விழா, வேன் பூரா நாளும் அங்கதான் நின்னுச்சு. புதன்கிழமை காலையில ஆறரைக்கு எல்லாம் முடிஞ்சுது. நீ எப்ப ஊத்துன, கனவுலயா? பொய் சொல்லி ஜெயிலுக்குப் போற அளவுக்கு யாரக் காப்பாத்துற? அவரா? அவரே ஊத்துனாரா?

— மச்சான் ஊத்தல. மச்சானுக்கு அது இன்னா ஆயில்னு தெரியும்.

— எது?

— வேன் ஜாக்கி தானா எறங்குதுன்னாரு. மூணு வாரம் இருக்கும். ஷெட்லேர்ந்து ஜாக்கி ஆயில் கொஞ்சம் குடுத்தனுப்புனேன்.

— எதுல?

— காலி பிரேக் ஆயில் பாட்டில்ல. அதுக்குத்தான் மூக்கு கூரா இருக்கும், ஜாக்கி ஓட்டையில சிந்தாம ஊத்தலாம். அம்பத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச ஷெட்டுல எல்லாம் அதான் பழக்கம். லேபிள கூட கிழிக்க மாட்டோம்.

— லேபிள் அப்படியே இருந்தா, எது எதுன்னு எப்படித் தெரியும்?

— நீ ஷெட்டுக்கு வரத நிறுத்துனப்புறம் வந்த பழக்கம் அது. உனக்குத் தெரியாது. ஜாக்கி ஆயில்னா பாட்டில் கழுத்துல ஒரு துணிய முடிச்சு போட்டு வெச்சுடுவோம். துணி இருந்தா ஜாக்கி ஆயில். இல்லைன்னா பிரேக் ஆயில். அவ்ளோதான் அடையாளம்.

— இன்னா துணி?

— செகப்புத் துணி.

— …

— மச்சான் அத கொண்டு போயி உங்க ஊட்ல மீட்டர் பொட்டி மேல வெச்சாரு. துணியோடதான் வெச்சாரு. சொல்ல மறந்துட்டாரு. தப்பு அவருதும் கீது, என்னுதும் கீது. லேபிள கிழிச்சுருக்கணும் நான். குல்ஷன், கால எடும்மா. பெடல்லேர்ந்து கால எடு. தரையோட மிதிச்சுகினு கீற.

— அவருக்குத் தெரியுமா?

— ஜெயில்ல மனு போட்டுப் பாக்கப் போனேன்ல. சலாம் கூட சொல்லல. ‘மீட்டர் பொட்டி மேல பாட்டில்ல துணி கீதான்னு பாரு மச்சான்’னாரு. அன்னிக்கு சாயங்காலம் பிஸ்கட் பாக்கெட்டோட வந்தது அதுக்குத்தான். பாட்டில் பாதி காலி. துணி இல்ல. அடுத்த தடவ போயி சொன்னேன்.

— இன்னா சொன்னாரு?

— டைம் முடிஞ்சுதுன்னு வார்டர் கத்துனப்புறம்தான் வாயத் தொறந்தாரு. ‘கழுவி உட்டுடு. குல்ஷனுக்குத் தெரிய வாணாம். மர்வாகிட்ட ரெண்டு பேருல ஒருத்தராவது இருக்கணும். நான் போன் பேசினதாவே இருக்கட்டும்’னாரு. அந்த பாட்டில இப்படி கீழ உருட்டி உடு. ஜீப் சத்தம் கேக்குது. உன்னக் கெஞ்சி கேக்குறேன், உருட்டி உடு. நடு பெடல் கூட வாணாம், இருக்குற மாதிரி இருக்கட்டும். அந்த பாட்டில மட்டும் குடு.

— தீபிகாகிட்ட சொல்லிட்டு வந்தேன் அண்ணே.

— அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியப் போவுது? யாரும் கேக்க மாட்டாங்க. குல்ஷன், உன் புள்ளைய நெனைச்சுப் பாரு.

— அவ மேலதான் ஆணை போட்டேன்.

— பாய், வெளிய வா, வெளிய வா. ஐயா வந்துட்டாரு. கிளட்ச் ஆச்சா?

— ஆச்சுங்க ரைட்டர் ஐயா. கியர் நல்லா உழுது. சாவி வண்டியிலதான் கீது.

— இன்னாமா, நீ இன்னும் சீட்லயே உக்காந்துகினு கீற? எறங்கு, ஐயா ஏறணும். மூஞ்சி இன்னா இப்படி வெளுத்துப் போயி கீது? கையில இன்னா பாட்டிலு?

— ஒண்ணும் இல்லீங்க, கை கழுவ வெச்சிருந்த தண்ணி. குல்ஷன், கொட்டிட்டு வா. வாம்மா, ஊட்டுக்குப் போலாம்.

— தண்ணி இல்லீங்க ஐயா. ஞாயித்துக்கிழமை காலையில, பாட்டில் கழுத்துல கட்டியிருந்த செகப்புத் துணிய அவுத்து அடுப்பு தொடச்சுட்டு, நான் இந்த வேனுக்கு ஊத்துன ஆயில்.